ரெனோ க்விட்: நகரச் சாலைக்கான தொடக்கநிலைச் சிறு கார்

ரெனோ க்விட், சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் ஐந்து கதவுச் சிறு கார். பிரான்ஸின் ரெனோவும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து சிறு கார்களுக்கென உருவாக்கிய சிஎம்எஃப்-ஏ அடித்தளத்தில் பிறந்த முதல் வண்டி இது. 2015 மே மாதம் சென்னையில் அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று விற்பனைக்கு வந்தது. டெல்லி ஷோரூம் விலை 2.57 லட்சம் ரூபாயில் தொடங்கியது. பைக்கிலிருந்து நாலு சக்கரத்துக்கு மாற நினைக்கும் குடும்பமும், தினமும் நெரிசலில் அலுவலகம் போய்வருபவரும்தான் இதன் முதல் வாடிக்கையாளர்கள்.

இந்தியாவில் இந்த வகைக் காருக்கு இலக்கணம் வகுத்தது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்த அந்தக் கார், முப்பது ஆண்டுகள் தயாரிப்பில் இருந்து 2014-இல் விடைபெற்றது. அதன் இடத்தை 2000-ஆம் ஆண்டிலேயே மாருதியின் ஆல்ட்டோ பிடிக்கத் தொடங்கிவிட்டது. 2009-இல் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற அறிவிப்போடு வந்த டாடா நானோ வேறொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. விலை குறைவு என்பதற்காக மட்டும் இந்தியர்கள் கார் வாங்குவதில்லை. பார்த்தால் காராகவும் தெரிய வேண்டும். க்விட்டை வடிவமைத்தவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். உயரமான பானெட், அகலமான சக்கர வளைவுகள், 180 மிமீ கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று, ரெனோவின் எஸ்யூவியான டஸ்ட்டரைச் சுருக்கி வைத்த தோற்றத்தில் அது வந்து நின்றது. அன்றைய ஆல்ட்டோ 800-ஐவிட அதற்கு நீளமும் அகலமும் கூடுதல். ஆல்ட்டோவின் டிக்கி 177 லிட்டர்தான். க்விட்டில் 300 லிட்டர்.

திட்டத்தின் தலைவர் ஜெரார் தெதூர்பே, ஐரோப்பாவில் விலை குறைந்த டாசியா லோகனை வெற்றிபெறச் செய்த ரெனோ பொறியாளர். பாரிஸில் உட்கார்ந்து படம் வரைந்து இந்தியாவுக்கு அனுப்பும் பழக்கத்தை அவர் கைவிட்டார். சென்னையிலேயே தனிக் குழு அமைத்து, உள்ளூர் உதிரிபாக நிறுவனங்களோடு நேரடியாகப் பேசி, ஒவ்வொரு பாகத்தின் செலவையும் வடிவமைப்புக் கட்டத்திலேயே நிர்ணயித்தார். வண்டியின் 98 சதவீத பாகங்கள் உள்நாட்டில் வாங்கப்பட்டவை என்று நிறுவனம் அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த வாகனத் தொழில் இல்லாமல் அந்த விலை சாத்தியமாகியிருக்காது. தெதூர்பே 2019 டிசம்பரில் மறைந்தார்.

சிக்கனம் எங்கே செய்யப்பட்டது என்பதை வண்டியைச் சுற்றி வந்தாலே பார்க்கலாம். முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். சக்கரத்துக்கு நான்குக்குப் பதில் மூன்று நட்டுகள். முன் கதவுகளுக்கு மட்டும் பவர் விண்டோ. அதன் சுவிட்சுகளும் கதவில் இல்லாமல் நடுவில், டாஷ்போர்டில் இருந்தன. மிக மலிவான வகையில் ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. ஆனால் உயர்வகையில், அந்த விலைக் கார் எதிலும் அதுவரை இல்லாத 7 அங்குலத் தொடுதிரையும் டிஜிட்டல் வேகமானியும் இருந்தன. வாங்குபவரின் கண் போகும் இடத்தில் செலவழித்து, போகாத இடத்தில் மிச்சம் பிடித்த கணக்கு இது. மூன்று நட்டிலும் ஒற்றை வைப்பரிலும் தவறேதும் இல்லை. 660 கிலோ வண்டிக்கு அவை போதும். இதே கணக்கு பாதுகாப்பையும் தொட்டதுதான் பிரச்சினை.

நகரத்தில் இந்தக் கார் எப்படி ஓடுகிறது? முதலில் வந்த 799 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினின் திறன் 54 பிஎஸ். இழுவிசை 72 நியூட்டன் மீட்டர். வண்டி லேசானது என்பதால் தனியாளாகப் போகும்போது இது போதும். நான்கு பேர் ஏறி, சித்திரை வெயிலில் ஏசியை முழு வேகத்தில் வைத்து, சென்னையின் கத்திப்பாரா போன்ற மேம்பாலத்தில் ஏறினால் குறை தெரிந்துவிடும். இரண்டாவது கியருக்கு இறங்காமல் வண்டி நகராது. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கே உரிய அதிர்வு, சிக்னலில் நிற்கும்போது இருக்கையிலும் ஸ்டீயரிங்கிலும் உணரப்படும். 2016 ஆகஸ்ட்டில் வந்த 999 சிசி இன்ஜின் (68 பிஎஸ், 91 நியூட்டன் மீட்டர்) இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் அன்று சில பத்தாயிரங்கள்தான். அந்தப் பணம் முழுக்கப் பயன்படுவது நெடுஞ்சாலையில் அல்ல, நகரத்தில்தான். அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை, பஸ்ஸைத் தாண்டும்போது தயக்கம் இல்லை, ஏசி போட்டாலும் பிக்கப் அவ்வளவாகக் குறைவதில்லை.

நகர ஓட்டுநரை உண்மையில் களைப்படைய வைப்பது கிளட்ச். பத்துக் கிலோமீட்டர் நெரிசலில் இடது கால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2016 நவம்பரில் வந்த ஏஎம்டி வகைக்கு இதுவே காரணம். ஏஎம்டி முழுமையான ஆட்டோமேட்டிக் அல்ல. சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாக மின்னணுக் கருவி இயக்குகிறது. அதனால் விலையும் எடையும் அதிகம் ஏறுவதில்லை. க்விட்டில் கியர் லீவரே கிடையாது. டாஷ்போர்டில் உள்ள வட்டக் குமிழைத் திருப்பி ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று மாற்றிக்கொள்ளலாம். கியர் மாறும் கணத்தில் ஒரு சிறிய தலையாட்டல் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதிப்பவர்களுக்கு அது விரைவில் பழகிவிடும். தொடக்க கால ஏஎம்டியில் ஒரு பெரிய குறை இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஊர்ந்து நகராது. ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டும். அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலுக்காக வாங்கிய வண்டியில் இது பெரும் தொல்லை. 2018 மாடலில் ஊர்ந்து செல்லும் வசதி சேர்க்கப்பட்டது. பழைய ஏஎம்டி க்விட் வாங்குபவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

திரும்பும் ஆரம் 4.9 மீட்டர். ஆல்ட்டோவுக்கு 4.6. குறுகிய தெருவில் ஒரே வீச்சில் திருப்புவதில் ஆல்ட்டோ ஒரு படி மேல்தான். ஆனாலும் க்விட்டின் மின்சார ஸ்டீயரிங் நிறுத்துமிடத்தில் மிக லேசாகச் சுழல்கிறது. ஓட்டுநர் இருக்கை உயரமாக இருப்பதால் முன்னால் போகும் ஆட்டோவையும் பக்கத்தில் நுழையும் பைக்கையும் கவனிப்பது எளிது. பின்பக்கப் பார்வை சுமார். 2019-க்குப் பிந்தைய வண்டிகளில் உள்ள பார்க்கிங் சென்சார் இதற்குக் கைகொடுக்கிறது.

குண்டும் குழியுமான சாலைகளில்தான் க்விட் தன் விலையைத் தாண்டி நிற்கிறது. நீண்ட சஸ்பென்ஷனும், பக்கச் சுவர் உயர்ந்த டயர்களும் சேர்ந்து, அளவில்லாமல் எழுப்பப்பட்ட வேகத்தடைகளில் அடி தட்டாமல் காப்பாற்றுகின்றன. ஆனால் கிரவுண்ட் கிளியரன்ஸை வெள்ளத்தில் இறங்குவதற்கான உரிமமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. க்விட் சந்தைக்கு வந்த மூன்றாம் மாதமே, 2015 டிசம்பரில், சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், சிறிய வண்டியோ பெரிய வண்டியோ, இன்ஜின் பாழாகும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதே பெரும்பாலும் அந்தச் சேதத்துக்குக் காரணம். வழக்கமான காப்பீடு இதற்கு முழுமையாகப் பணம் தராமல் போகலாம். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டைச் சேர்ப்பது, கடலோர நகரங்களில் இருப்பவர்களுக்கு வீண்செலவு அல்ல.

மைலேஜ் விஷயத்தில் விளம்பர எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 799 சிசி வண்டிக்கு லிட்டருக்கு 25.17 கிமீ என்று சான்றளிக்கப்பட்டது. அது ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல், வரையறுத்த வேகத்தில் ஓட்டிக் கணக்கிட்ட அளவு. ஏசியோடு நெரிசலில் ஓடும்போது 20-க்குக் கீழே இறங்குவது இந்த வகைக் கார்கள் எல்லாவற்றிலும் இயல்பு. பெட்ரோல் டேங்க் 28 லிட்டர்தான் என்பதால் பங்க்குக்குச் சற்று அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

இனி, பாதுகாப்பு என்ற அந்தக் கசப்பான அத்தியாயம். 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு க்விட்டை மணிக்கு 64 கிமீ வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. முடிவு, பூஜ்ய நட்சத்திரம். ஏர்பேக் இல்லாத வண்டி மட்டுமல்ல, ஏர்பேக் பொருத்திய வண்டியும் தோற்றது. மோதலில் பயணிகள் அமரும் கூண்டே உருக்குலைந்தால், ஏர்பேக்கால் மட்டும் உயிரைக் காப்பாற்ற முடியாது. அதே சுற்றில் சோதிக்கப்பட்ட மாருதி சுஸுகி செலெரியோ, ஈக்கோ, மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, ஹூண்டாய் இயான் ஆகியவையும் பூஜ்யமே வாங்கின. எனவே இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமல்ல. அன்றைய இந்தியச் சட்டம் அனுமதித்த தரம் அதுதான். சில மாதங்கள் கழித்து, உடற்கூட்டை வலுப்படுத்தி, ஓட்டுநர் ஏர்பேக்கும் மேம்பட்ட சீட் பெல்ட்டும் பொருத்திய க்விட் மறுசோதனையில் ஒரு நட்சத்திரம் பெற்றது.

பிரேசிலுக்குப் போன க்விட்டின் கதை வேறு. 2017-இல் அங்கே விற்பனைக்கு வந்தபோது அதன் உடற்கூடு பல இடங்களில் பலப்படுத்தப்பட்டிருந்தது. எடை நூறு கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது. நான்கு ஏர்பேக்குகள் எல்லா வகையிலும் இருந்தன. லத்தீன் என்கேப் சோதனையில் அது மூன்று நட்சத்திரம் வாங்கியது. ஆக, அந்த அடித்தளத்தில் இதைவிடப் பத்திரமான காரைக் கட்ட முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. இந்திய வாடிக்கையாளர் அதற்குக் காசு தரமாட்டார் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கை ஏற்க முடியாது. தொடுதிரையைப் பட்டியலில் முதலில் வைத்து, ஓட்டுநரின் ஏர்பேக்கை உயர்வகையில் மட்டும், அதுவும் கூடுதல் பணத்துக்கு விற்றது, வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதல் கார்க்காரர்கள் என்ற நிலையில், பெரிய பிழை.

மாற்றம் சட்டத்தின் வழியாகவே வந்தது. 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. ஜூலை மாதம் ஓட்டுநர் ஏர்பேக்கும், சீட் பெல்ட் எச்சரிக்கையும், பார்க்கிங் சென்சாரும் கட்டாயமாயின. அக்டோபரில் மோதல் சோதனை விதிகள் பழைய மாடல்களுக்கும் பொருந்தத் தொடங்கின. அதே அக்டோபரில்தான், இரண்டடுக்கு விளக்குகளும் 8 அங்குலத் திரையும் கொண்ட புதுத்தோற்ற க்விட் வெளியானது. நீளம் 3,731 மிமீ ஆனது. டிக்கி 279 லிட்டராகச் சுருங்கியது. 2022 முதல் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். 2023-இல் வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி, மேட்டில் பின்வாங்காமல் நிறுத்தும் வசதி, டயர் காற்றழுத்த எச்சரிக்கை ஆகியவை சேர்ந்தன. அதே ஆண்டு, கடுமையான மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின் காரணமாக 799 சிசி இன்ஜின் விடைபெற்றது. 2024 ஜனவரியில் ஏஎம்டி வகை 5.44 லட்சம் ரூபாயிலிருந்து கிடைத்தது. இந்தியாவின் மிக மலிவான ஆட்டோமேட்டிக் என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் ஷோரூம் தொடக்க விலை 4.30 லட்சத்துக்கு அருகே இறங்கியது.

இதே காரின் மின்சார வடிவம் 2019-இல் சீனாவிலும், 2021 முதல் டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவிலும் விற்கப்பட்டது. 26.8 கிலோவாட் மணி பேட்டரியோடு நகர ஓட்டத்துக்கு மட்டும் என்று அடக்கமாக வந்த அந்தக் கார் ஐரோப்பாவின் மலிவான மின்சாரக் கார்களில் ஒன்றாக நல்ல வரவேற்பைப் பெற்றது. ஆனால் யூரோ என்கேப் அதற்குத் தந்தது ஒற்றை நட்சத்திரமே.

நகரத்துக்கென்று க்விட் வாங்க நினைப்பவர்கள், புதியதானால், 999 சிசி ஏஎம்டியையே பார்க்கலாம்; பழையதானால் 2019 அக்டோபருக்கு முந்தைய வண்டிகளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தவிர்ப்பது நல்லது. அதற்குப் பிந்தையவற்றிலும் 2022 முதல் வந்தவை மேல். காலியான சாலையில் அல்லாமல், காலை ஒன்பது மணி நெரிசலில், வீட்டார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கள். சர்வீஸ் சென்டர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் விசாரியுங்கள். மாருதிக்கு இருக்கும் அளவுக்கு ரெனோவுக்குக் கிளைகள் கிடையாது. ஏர்பேக், பெல்ட், ஏபிஎஸ் ஆகியவற்றை வண்டியில் நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.