நிலைமின் ஒலிபெருக்கியின் வரலாறும் பேணலும்

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் பெயரையும் ஆண்டையும் குறித்த அளவில் அமைந்துவிடுவர். அப்பொறி ஒருவரின் இல்லத்தை அடைந்தபின் எத்தனை ஆண்டு உழைத்தது, பழுதுற்றபோது அதனைத் திருத்தியவர் யார், திருத்துதற்கு ஏதுவாயிருந்தது யாது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ஆயினும் சில கருவிகளின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறாதவிடத்து முற்றுப்பெறாது. நிலைமின் ஒலிபெருக்கியும், அம்முறையிலேயே இயங்குவதும் ஹெட்போன் என வழங்குவதுமாகிய செவிக்கருவியும் அத்தகையன.

பொதுவாக வழங்கும் ஒலிபெருக்கி, காந்தப் புலத்தில் அசையும் கம்பிச் சுருளொன்று கூம்பு வடிவான தாளை இயக்குவதால் ஒலி தருவது. இதன் இன்றைய வடிவத்துக்கு அடிகோலியவர் அமெரிக்க ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்திற் பணியாற்றிய றைஸ், கெலொக் என்னும் இருவர். அவர்தம் ஆய்வுரை 1925ஆம் ஆண்டு வெளிவந்தது. இம்முறையிற் கூம்பின் ஓரிடத்தையே சுருள் தள்ளுகின்றது. ஏனைய பகுதிகள் அதனைப் பின்தொடர்கின்றன. பின்தொடரும்போது கூம்பு சிறிது வளைவதும், தன் பாரத்தினால் தாமதிப்பதும் இயல்பு. அவ்வளைவும் தாமதமும் மூல ஒலியோடு கலந்து செவியை அடைகின்றன.

நிலைமின் ஒலிபெருக்கியிற் சுருளுமில்லை, காந்தமுமில்லை. துளைகள் நிறைந்த இரு தகடுகளுக்கிடையே மிக மெல்லிய படலமொன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அப்படலத்துக்குப் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தத்தில் மின்னேற்றம் ஊட்டப்படும். இசைக்குரிய மின்குறிகள் இரு தகடுகளுக்கும் எதிரெதிராகச் செலுத்தப்படும்போது, ஒரு தகடு படலத்தை ஈர்க்க மற்றையது தள்ளுகின்றது. விசை படலத்தின் பரப்பு முழுவதிலும் ஒருங்கே தொழிற்படுகின்றது. படலமோ தன்னை அடுத்துள்ள காற்றினும் பெரிதும் பாரமுடையதன்று. ஆதலின் மின்குறி எவ்வாறு மாறுகின்றதோ அவ்வாறே காற்றும் அசைகின்றது.

இக்கோட்பாடு பழையதே. கெலொக்கும் இத்துறையில் முயன்று 1934இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் கோட்பாடு இருந்தும் பொருள் இருக்கவில்லை. மெல்லியதாய், வலியதாய், நெடுங்காலம் இழுவை தளராததாய் உள்ள படலத்தை அக்காலத்துக் கைத்தொழில் அளிக்கவியலவில்லை. இரண்டாம் உலகப் போரையடுத்துச் செயற்கை நெகிழிப் படலங்கள் பெருகியபோதே தடை நீங்கிற்று. மற்றோர் இடர்ப்பாடும் இருந்தது. படலத்தில் மின்னேற்றம் எளிதில் இடம்பெயருமாயின், வலிய அசைவின்போது ஏற்றம் ஓரிடத்திற் குவிந்து ஒலி திரிபடையும். படலத்தின் மேற்பூச்சு மிக உயர்ந்த தடையுடையதாயின், ஏற்றம் நின்ற இடத்திலேயே நிற்கும். திரிபும் பெரிதும் குறையும். மாறா ஏற்றம் என்னும் இவ்வுண்மையே பிற்கால வெற்றிகளுக்கு அடிப்படையாயிற்று.

அவ்வெற்றியை முழு அளவில் ஈட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீற்றர் வோக்கர் ஆவர். 1916இற் பிறந்த இவர் 1936இல் இலண்டனில் ஒலிக்கருவி நிறுவனமொன்றைத் தொடக்கினார். போர்க்காலக் குண்டுவீச்சின் பின்னர் 1941இல் அது ஹன்ரிங்டன் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தது. குவாட் என்னும் பெயரால் உலகறிந்த கருவிகள் அங்கிருந்தே வெளிவந்தன. விரியலாக்கி அமைப்பிற் புகழ்பெற்ற வில்லியம்சனும் வோக்கருடன் இம்முயற்சியில் ஈடுபட்டார். அவர்களின் உழைப்பால் உருவான ஒலிபெருக்கி 1957இல் விற்பனைக்கு வந்து, 1985 வரை செய்யப்பட்டது. 50,000க்கு மேற்பட்டவை வெளிச்சென்றன.

இக்கருவியின் நடுவில் உயர் சுருதிக்குரிய பலகையொன்றும், இருமருங்கும் தாழ் சுருதிக்குரிய பலகைகள் இரண்டும் உள்ளன. முன்னையதற்கு ஏறத்தாழ 1,500 வோல்ற்றும், பின்னையவற்றுக்கு ஏறத்தாழ 6,000 வோல்ற்றும் ஊட்டப்படுகின்றன. தோற்றத்தில் அது குளிர்நாட்டு இல்லங்களில் அறையைச் சூடாக்கும் கருவியை ஒக்கும். பேரொலி எழுப்ப அதனால் இயலாது. ஆழ்ந்த தாழ் சுருதியும் குறைவே. ஆயினும் மனிதக் குரலையும் நரம்பிசையையும் அது தரும் தெளிவு, பின்வந்த ஒலிபெருக்கிகளை அளந்தறிதற்கு உரைகல்லாயிற்று. வோக்கர் 1963இல் தொடங்கிய மற்றோர் ஆராய்ச்சி 1981இற் கனிந்தது. தொடங்கிய ஆண்டையே பெயரிற்கொண்ட அப்புதிய கருவியில், பழையதனைக் கெடுத்த மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் காப்பமைப்பும் இடம்பெற்றது.

செவிக்கருவித் துறையில் யப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் தன் முதற் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அமெரிக்கக் கொஸ் நிறுவனம் 1968இல் வெளியிட்ட கருவி, படலத்துக்குரிய ஏற்றத்தை இசைக்குறியிலிருந்தே பெற்றுக்கொண்டது. 1991இல் செர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ஓர்பியஸ் என்னும் பெயரில் ஏறத்தாழ 300 கருவிகளே செய்தது. இவற்றிற் படலத்தின் தடிப்பு ஒன்றிரண்டு மைக்ரோமீற்றர் அளவினதே. ஸ்டாக்ஸ் நிறுவனமோ 1990களின் நடுவில் முறிவடைந்து, சிறிய அளவில் மீண்டும் எழுந்தது; 2011இற் சீன நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. நிறுவனம் மாறினும் முறிந்தினும், அது செய்த கருவிகள் உலகெங்கும் கேட்போரிடம் எஞ்சியிருந்தன. ஆக்கியோன் அற்றவிடத்துக் கருவியைக் காப்பவர் யார் என்னும் வினா இவ்வாறு எழுந்தது.

பழைய கருவியை வாங்குவோர் முதலில் அறியவேண்டுவது, தாம் வாங்குவது பண்டமன்று, பேணற்கடனே என்பதாகும். ஸ்டாக்ஸ் கருவிகளுள் முந்தியவை 230 வோல்ற்றுக்கும், பிந்தியவை 580 வோல்ற்றுக்கும் அமைந்தவை. முன்னையவற்றின் செருகிக்கு ஆறு ஊசிகள், பின்னையவற்றுக்கு ஐந்து. ஐந்தூசிக் கருவியைப் பழைய ஆறு துளைக் குழிக்குட் செருக முடியுமாயினும், வேண்டிய ஏற்றம் கிட்டாமையால் ஒலி நலிந்தே கேட்கும். இதனையறியாதார் நல்ல கருவியைப் பழுதெனக் கருதி இகழ்தலும் உண்டு. இருபக்க ஒலியும் சமமாயுள்ளதா என ஆராய்தல் இன்றியமையாதது. நெடுநாள் உறங்கிய படலம் ஏற்றம் பெறச் சில மணிநேரம் செல்லுமாதலின், உடனே தீர்ப்புக் கூறலாகாது. அதன்பின்னும் ஒருபக்கம் மெலிந்தே நிற்குமாயின், பூச்சுக் கெட்டதென்றோ ஏற்றம் கசிகின்றதென்றோ கொள்ளலாம். ஈரப்பதன் மிக்க கடற்கரையூர்களில் இக்கசிவு பெரிதும் நேரும். தூசி சேருமிடத்து வெடித்தொலியும் எழும்.

குவாட் ஒலிபெருக்கியை வாங்குவோர் அது எத்தகைய விரியலாக்கியோடு இயக்கப்பட்டது என வினாவ வேண்டும். அது 15 உவாற்று ஆற்றலுடைய விரியலாக்கியோடு இணங்க அமைந்தது. பின்னாளிற் பன்மடங்கு ஆற்றலுடையவற்றை இணைத்தோர், உயர் சுருதிப் பலகையில் தீப்பொறி பாய்ந்து துளைபடக் கண்டனர்.

பழுதுபார்ப்போர் முதலிற் காண்பது உயரழுத்த மின்னை ஆக்கும் பகுதியையாகும். மெழுகினுட் பதிக்கப்பட்ட அப்பகுதி ஆண்டுகள் செல்லச் செல்ல நலிய, ஒலியும் படிப்படியாகக் குன்றும். குன்றல் மெதுவாக நிகழ்வதால் உடையவர் அதனை உணரார். அதனைச் சாதாரண மானியால் அளத்தலும் பயனற்றது. மானி தானே மின்னோட்டத்தை இழுத்து அழுத்தத்தைத் தாழ்த்திப் பொய்யளவு காட்டும். மிகவுயர் தடையைத் தொடராக இணைத்தே அளத்தல் வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கி உயிருக்கு ஊறு செய்யுமாதலின், பயிற்சியற்றோர் இதிற் கைவைத்தல் தகாது.

பலகையையே புதுப்பித்தல் அதனினும் நுட்பமான வினை. தறைகளை அகற்றிப் பழைய படலத்தை நீக்கிப் புதியதை ஒரே இழுவையில் ஒட்டிப் பூச்சிடல் வேண்டும். பூச்சின் தடை மிகத் தாழ்ந்தால் ஏற்றம் இடம்பெயர்ந்து திரிபு தோன்றும். மிகவுயர்ந்தால் ஏற்றம் ஏறுதற்கே நெடுநேரம் செல்லும். பிந்திய குவாட் கருவியிலோ, மின்காப்பு சிறந்திருந்தும், தகடுகளைச் சட்டத்தோடு பிணைத்த பசை காலத்தால் விட்டுப்போயிற்று. கோட்பாடு மூப்படைவதில்லை, பசையும் மெழுகுமே மூப்படைகின்றன. கண்டுபிடித்தோர் வரலாற்றில் இடம்பெறாத இவ்வெளிய பொருள்களே கருவியின் ஆயுளை அறுதியிட்டன.

அங்ஙனமாயின், படலமும் பூச்சும் மின்னாக்கும் பகுதியும் மாற்றப்பட்ட கருவி வோக்கர் ஆக்கிய கருவிதானா என ஒருவர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கற்பாலதன்று. கிடைத்த படலத்தை ஒட்டி, மனம்போன பூச்சிட்டு, ஒலி எழுந்ததே போதுமென விட்டவர்களும் உளர். அவர்கையிற்பட்ட கருவியிற் பெயர் மட்டுமே பழையது. மாறாக, மூல அளவுகளைத் தேடியறிந்து, இணைக் கருவி இரண்டையும் ஒப்ப அமைத்து, ஒலியை ஒப்புநோக்கித் திருத்தியோரின் கையில், பொருள் புதிதாயினும் கருவி பழையதே. பாலத்தின் மரங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டும் ஊரார் அதே பாலத்திற் செல்வது போன்றதே இது.

அம்மூல அளவுகள் எங்ஙனம் கிட்டின? வோக்கர் தம் கோட்பாட்டை மறைத்துவைத்தாரல்லர். விற்பனைக்கு இரண்டாண்டு முன்னரே, 1955இல், வயர்லெஸ் வேர்ல்ட் என்னும் இதழில் அதனைத் தொடர்கட்டுரைகளாக விளக்கி எழுதினார். கருவியும் பலகை பலகையாகப் பிரித்தெடுக்கத் தக்கதாய் அமைந்தது. அவர் நிறுவனமும் பழையவற்றைப் பல்லாண்டு திருத்திக் கொடுத்தது. வோக்கர் 2003இற் காலமானார். 1957இன் ஒலிபெருக்கிகள் அதன்பின்னும் ஒலித்தன. அறிவை வெளியிட்டவரும், அதனைக் கற்றுக் கைப்பழக்கமாக்கிப் பேணியவரும் ஒருங்கே இக்கருவியின் ஆக்கியோராவர். ஒரு கருவியின் வரலாறு எழுதுவோர் இருசாராரையும் சேர்த்தெழுதுவதே முறையாகும்.