வெள்ளைக்குள்ள இருக்கிற மஞ்சள்

போன மார்கழியில நடுவீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கப் போனேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. குனிஞ்சு எடுத்துப் பார்த்தா, ஓரத்துல ஏடு ஏடா எங்க வீட்டு வரலாறு. மேலே வெளிர்பச்சை டிஸ்டம்பர், அதுக்குக் கீழே சிமெண்ட் பெயிண்ட், அதுக்கும் கீழே நீலம் பாரிச்ச வெள்ளை பல அடுக்கு. கடைசியா மண்ணை ஒட்டி ஒரு நிறம், பசும்பால் ஆடை மாதிரி. அது எங்க அப்பாரு காலத்து வெள்ளை.

பையன் பெங்களூருல இருந்து பொங்கலுக்கு வரும்போது ஷேட் கார்டு கொண்டுவந்திருந்தான். "ஐவரி அடிச்சுரலாம்ப்பா, இப்ப எல்லா வீட்டுலயும் இந்த வார்ம் ஆஃப் ஒயிட்தான்" என்றான். அவன் விரல் வெச்ச கட்டத்துப் பக்கத்துல அந்தப் பெயர்ந்த துண்டை வெச்சேன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம்!

கொங்கு நாட்டுக் கரிசல் காட்டுல ஏர் ஓட்டினவங்களுக்கு சுக்கான் கல் தெரியும். கொழுவை மழுக்குற சனியன். ஆனா ஆத்துக் கிளிஞ்சலும் கடற்கரையும் இல்லாத எங்க பக்கம், சுண்ணாம்பு கிடைச்சது இந்தக் கல்லைச் சுட்டுத்தான். காளவாயில கல்லையும் கரியையும் மாத்தி மாத்தி அடுக்கி எரிப்பாங்க. 900 டிகிரிக்கு மேலே போனா கல்லுக்குள்ள இருக்கிற கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணி விட்டா கொதிச்சு மாவாகும். சுவத்துல பூசின பிறகு, காத்துல இருக்கிற அதே வாயுவை மறுபடி இழுத்துக் கல்லாகிரும். கோயமுத்தூர்ல சுண்ணாம்புக் காளவாய்னு ஒரு ஊர்ப்பேரே உண்டு. சென்னைக்காரங்களுக்கு சுண்ணாம்பு கொளத்தூர் தெரிஞ்சிருக்கும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு பளீர்னு வெளுக்கும். சுக்கான் கல்லுல களிமண்ணும் கொஞ்சம் இரும்பும் கலந்திருக்கிறதால அதோட சுண்ணாம்புல ஒரு மங்கல் தங்கும். அப்பாரு சுவத்துல இருந்தது அந்த மங்கல்தான். அவர் அதைத் தேர்ந்தெடுக்கலை, காடு கொடுத்தது.

அப்புறம் நீலம் வந்தது. ஆப்கானிஸ்தான் மலைக்கல்லை அரைச்சு எடுத்த நீலம் ஒரு காலத்துல தங்கத்துக்கு நிகரா விலை போச்சு. 1820-கள்ல பிரான்சுல ழான் பாப்டிஸ்ட் கிமே என்பவர் அதை ஆலையில செய்யும் வழி கண்டுபிடிச்ச பிறகு விலை சரிஞ்சு, கடைசியில எங்க ஊர் மளிகைக் கடை வரைக்கும் பொட்டலமா வந்து சேர்ந்தது. வேட்டிக்குப் போட்ட நீலத்தையே சுண்ணாம்புலயும் கரைச்சாங்க. மஞ்சள் மேல நீலம் பட்டா கண்ணுக்கு வெளுப்பாத் தெரியும், அவ்வளவுதான் சூட்சுமம். எங்க அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்துல இருந்து காப்புக் கட்டுக்கு முந்தின வாரம் நீலம் கலக்குற வேலை அவங்களோடது. பக்கத்து வீட்டைவிட நம்ம சுவரு வெளுப்பா இருக்கணும்கிறதுல அவங்களுக்கு ஒரு கௌரவம்.

டப்பா பெயிண்டுல இப்ப வெள்ளை கொடுக்கிறது டைட்டானியம் டை ஆக்சைடு. முதல் உலகப்போர் சமயத்துலதான் அது ஆலைக்கு வந்தது. அதுக்கு மூலமான இல்மனைட், நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில கருமணலாக் கிடக்குது. கறுப்பு மணல்ல இருந்து அப்பேர்ப்பட்ட வெளுப்பு! அதுல துளி மஞ்சளும் கறுப்பும் சொட்டித்தான் ஐவரி செய்யுறாங்க.

நான் தயங்கினது நிறத்துக்காக இல்லீங்க, சுவத்துக்காக. எங்களுது மண் சுவரு. தரையில இருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா காத்துல போயிரும். 90-கள்ல நான்தான் வீம்பா சிமெண்ட் பெயிண்ட் அடிச்சேன். மூணே மழைக்காலத்துல அடிச்சுவரு உப்பிப் பொரிஞ்சு, உள்ளே மண்ணு கையோட வந்தது. வாசப்பக்கச் சுவத்தை ஆறடி நீளத்துக்கு இடிச்சுக் கட்ட வேண்டியதாப் போச்சு. அந்தச் செலவுக்கு ஒரு எருமையை வித்தேன். அதுக்கு மேலேயும் டிஸ்டம்பர் அடிச்சேன்னா என் புத்தியைப் பார்த்துக்குங்க. இன்னொரு தடவை டப்பா பெயிண்ட் அடிச்சா வீடே நிக்காது.

பையன்கிட்ட சொன்னேன், "நிறம் உன்னுது, சரக்கு என்னுது." பழைய அடுக்கெல்லாம் சுரண்டவே நாலு நாள் ஆச்சு. சுண்ணாம்பை ஊறவெச்சு வடிகட்டி, மஞ்சள் காவியைத் தனியா தண்ணியில குழைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தோம். மண்ணுல எடுத்த காவி சுண்ணாம்போட காரத்தைத் தாங்கும்; கண்ட சாயப்பொடியும் தாங்காது, வெளுத்துரும். ஈரத்துல அழுத்தமாத் தெரியுற நிறம் காய்ஞ்சா பாதியாயிரும். அதனால மூணு அளவுல சுவத்துலயே முழ அகலத்துக்குத் தீட்டி, ரெண்டு நாள் விட்டோம். காலை வெயில்ல சரியா இருந்தது டியூப்லைட்டுல சோகை பிடிச்ச மாதிரி இருந்தது. ரெட் ஆக்சைடு தரையோட சிவப்பு வேற சுவத்துல ஏறி, நடுவுல தீட்டினது ரோஸாத் தெரிஞ்சது. கடைசியில ரொம்பக் குறைச்சலாக் காவி போட்டதை எடுத்தோம். நகரத்துல எமல்ஷன் வாங்குறவங்களும் கட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணாம, சின்ன டப்பா வாங்கிச் சுவத்துல அடிச்சு ராத்திரியும் ஒரு தடவை பாருங்க. வடக்குப் பார்த்த அறைன்னா இன்னும் கொஞ்சம் மஞ்சள் தாங்கும்.

மூணு கை அடிச்சு முடிச்சதும் அம்மா வந்து பார்த்தாங்க. "ஏஞ்சாமி, வெள்ளையடிச்சும் பழைய வேட்டியாட்டவே இருக்குது? நீலம் போட மறந்துட்டியா?" பையன் சிரிச்சுட்டான். எனக்குச் சிரிப்பு வரலை. நாப்பது வருஷம் அவங்க கலக்கின நீலம்.

சமையக்கட்டை மட்டும் அவங்க விருப்பப்படி நீலம் போட்டே அடிச்சோம். மிச்சச் சுண்ணாம்பு மொடாவுல தண்ணிக்கு அடியில கிடக்குது, அடுத்த தைக்கு ஆகும்.