இருபத்துமூன்று நாட்கள்: 1954 மே மாதத்தின் இரண்டு மைல்கள்

விளையாட்டு வரலாற்றில் சில எண்கள் மனிதர்களின் பெயர்களைவிட உறுதியாக நினைவில் தங்கிவிடுகின்றன. 3 நிமிடம் 59.4 விநாடி அத்தகைய எண். 1954 மே 6 அன்று மாலை, ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானத்தில், ரோஜர் பானிஸ்டர் என்னும் இருபத்தைந்து வயது மருத்துவ மாணவர் ஒரு மைல் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 1,609 மீட்டரை, நான்கு நிமிடங்களுக்குள் ஓடி முடித்தார். முறையாக அளந்து பதிவு செய்யப்பட்ட ஓட்டங்களில் அதுவே முதல்.

அதே மாதம் 29ஆம் நாள், பர்மிங்ஹாம் நகரின் அலெக்சாண்டர் மைதானத்தில், டயான் லெதர் என்னும் இருபத்தொரு வயதுப் பெண் அதே மைல் தூரத்தை 4 நிமிடம் 59.6 விநாடியில் ஓடினார். ஐந்து நிமிட எல்லையைக் கடந்த முதல் பெண் அவர். இரண்டு ஓட்டங்களுக்கும் இடையே இருபத்துமூன்று நாட்கள்தான். தேசமும் ஒன்று, தூரமும் ஒன்று. ஆயினும் முதல் எண்ணை அறிந்த நம்மில் மிகச் சிலரே இரண்டாவது எண்ணைக் கேள்விப்பட்டிருப்போம். ஒரு சாதனை எப்போது சாதனை ஆகிறது, அதை ஆக்குபவர் யார் என்னும் வினாவை அந்த மே மாதத்தை முன்வைத்துச் சற்று யோசிக்கலாம்.

*

பானிஸ்டரின் மைல் ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வெல்வார் என்று பிரிட்டன் அவரை எதிர்பார்த்திருந்தது. எதிர்பாராத விதமாக ஓர் அரையிறுதிச் சுற்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. குறைந்த பயிற்சியில் இரண்டு ஓட்டங்களுக்கென்று தன்னைத் தயார் செய்திருந்த அவர், மூன்றாவது ஓட்டத்தில் களைத்து நான்காவதாக வந்தார். லக்ஸம்பர்க் நாட்டின் யோசி பார்தெல் வென்றார். ஹெல்சிங்கியில் வென்றிருந்தால் அத்தோடு ஓட்டத்தை விட்டிருப்பேன் என்ற பொருளில் பானிஸ்டரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஒலிம்பிக் பதக்கம் கைநழுவியதால்தான் நான்கு நிமிட மைல் அவருடைய இலக்காயிற்று.

அந்நாளைய பிரிட்டிஷ் தடகளம் அமெச்சூர் நெறியில் இயங்கியது. ஓடிப் பணம் பெறுவது குற்றம். பானிஸ்டர் லண்டனின் செயின்ட் மேரி மருத்துவமனையில் பயின்றுகொண்டே, மதிய உணவு இடைவேளையில் பாடிங்டன் மைதானத்துக்குச் சென்று பயிற்சி எடுத்துத் திரும்புவார். உலக சாதனையோ 1945 முதல் சுவீடனின் குண்டர் ஹேக் வசம் 4 நிமிடம் 1.4 விநாடியாக அசையாமல் நின்றது. ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி, அமெரிக்காவின் வெஸ் சான்டி ஆகியோரும் அதே எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. 1953 ஜூன் 27 அன்று மோட்ஸ்பர் பார்க் மைதானத்தில் பானிஸ்டர் 4 நிமிடம் 2 விநாடியில் ஒரு மைல் ஓடினார். ஆஸ்திரேலியாவின் டான் மக்மில்லன் முன்னால் ஓடி வேகம் காத்துக் கொடுத்தார். கிறிஸ் பிராஷர் வேண்டுமென்றே மிக மெதுவாக ஓடி, பானிஸ்டர் ஒரு சுற்று முழுதும் தன்னைத் தாண்டி வரும்வரை காத்திருந்து, கடைசிப் பகுதியில் அவருக்குத் துணையாக ஓடினார். பிரிட்டிஷ் தடகள வாரியம் அந்த நேரத்தைத் தேசிய சாதனையாக ஏற்க மறுத்தது. உண்மையான போட்டியாக அமையாத ஓட்டத்தில் கிடைத்த நேரம் செல்லாது என்பது அதன் நிலைப்பாடு. கடிகாரம் சரியாகவே ஓடியது, கால்களும் தம் வேலையைச் செய்தன, ஆனால் ஏட்டில் அது ஏறவில்லை.

*

ஆகவே அடுத்த முயற்சி கவனமாக வகுக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் அமெச்சூர் தடகளச் சங்கத்துக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கும் போட்டி அதற்குக் களமாயிற்று. சங்க அணியில் பானிஸ்டருடன் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் இருந்தனர். ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறிய பயிற்சியாளர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃபல் இவர்களுக்கு ஊக்கமளித்தார். அன்று காலை மருத்துவமனைக்குச் சென்ற பானிஸ்டர், அங்கிருந்த சாணைக்கல்லில் தம் காலணியின் ஆணிகளைக் கூராக்கிக்கொண்டு ரயிலேறினார். மாலைவரை பலத்த காற்று. ஓடுவதா வேண்டாமா என்ற தயக்கம் கடைசி நிமிடங்கள்வரை நீடித்தது. அருகிலிருந்த தேவாலய கோபுரத்தின் கொடி சற்றே தணிந்து தொங்கியதைக் கண்ட பிறகே அவர் முடிவெடுத்தார்.

நிலக்கரிச் சாம்பல் பரப்பிய தளத்தில் பிராஷர் முன்னால் ஓடினார். வேகம் போதவில்லை என்று எண்ணிய பானிஸ்டர் பின்னாலிருந்து விரைவாக ஓடுமாறு கத்தினார். பிராஷர் அதைப் பொருட்படுத்தாமல் தம் கணக்கிலேயே ஓடினார். முதல் சுற்று 57.5 விநாடி. கணக்கு பிராஷரிடம்தான் சரியாக இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் செவிகொடுத்திருந்தால் கடைசிச் சுற்றுக்கு மூச்சு மிஞ்சியிருக்காது. மூன்றாம் சுற்றில் சாட்டவே முன்னிலை ஏற்றார். இறுதிச் சுற்றின் எதிர்ப்புற நேர்க்கோட்டில் பானிஸ்டர் அவரைக் கடந்து தனியே விரைந்து, நாடாவைத் தொட்டதும் துவண்டு சரிந்தார்.

முடிவை ஒலிபெருக்கியில் அறிவித்தவர் நாரிஸ் மக்வர்ட்டர். மைதானச் சாதனை, பிரிட்டிஷ் சாதனை, உலக சாதனை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கூட்டத்தைக் காக்கவைத்து, இறுதியில் நேரத்தைச் சொல்லத் தொடங்கினார். மூன்று என்ற சொல்லுக்கு அப்பால் எதுவும் யார் காதிலும் விழவில்லை. இதே மக்வர்ட்டரும் அவருடைய இரட்டைச் சகோதரர் ராஸும்தான் 1955இல் வெளிவந்த கின்னஸ் சாதனைப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள். கின்னஸ் மதுவாலையில் அப்போது பணியாற்றிய சாட்டவேயே அவர்களை அந்நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தார். சாதனையைப் படைத்தவர்களும் பதிவு செய்தவர்களும் ஒரே நட்பு வட்டத்தில் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களுடைய உழைப்பை இது குறைத்துவிடாது. எந்தச் சாதனைக்கு ஒலிபெருக்கி எளிதில் கிட்டுகிறது என்பதை மட்டும் இது காட்டுகிறது.

நாற்பத்தாறு நாட்களில், ஜூன் 21 அன்று, லாண்டி அச்சாதனையை முறியடித்தார். ஆகஸ்ட் 7இல் கனடாவின் வான்கூவரில் காமன்வெல்த் போட்டிகளில் இருவரும் நேருக்கு நேர் மோதினர். கடைசித் திருப்பத்தில் லாண்டி இடத்தோள் வழியாகத் திரும்பிப் பார்க்க, அந்தக் கணத்தில் பானிஸ்டர் வலப்புறமாக அவரைக் கடந்தார். 3 நிமிடம் 58.8 விநாடியில் வென்றார். அம்மாத இறுதியில் பெர்ன் நகரில் ஐரோப்பிய 1500 மீட்டர் பட்டத்தையும் பெற்று, அந்த ஆண்டோடு ஓட்டத்திலிருந்து விலகி மருத்துவத்துக்குத் திரும்பினார்.

*

அந்த ஆண்டின் இறுதியில் பிபிசி தொலைக்காட்சி, ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமைக்கான விருதை முதன்முறையாக வழங்கியது. நேயர்களின் வாக்குகள் எண்ணப்பட்டபோது வென்றவர் சாட்டவே. பானிஸ்டருக்கு இரண்டாம் இடம். காரணம் எளியது. அக்டோபர் 13 இரவு, லண்டன் ஒயிட் சிட்டி அரங்கின் விளக்கொளியில், சோவியத் வீரர் விளாதிமிர் கூட்ஸை 5000 மீட்டரில் கடைசி அடியில் முந்தி சாட்டவே உலக சாதனை படைத்ததை மக்கள் நேரலையில் கண்டிருந்தார்கள். 13 நிமிடம் 51.6 விநாடி என்ற அந்தச் சாதனை பத்தே நாட்களில் கூட்ஸால் முறியடிக்கப்பட்டது. இஃப்லி சாலையிலோ நேரில் கண்டவர்கள் சுமார் மூவாயிரம் பேர்தான். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ், தன் முதல் ஆண்டு விருதைப் பானிஸ்டருக்கு அளித்தது. விருது, சாதனையின் எடையைப் போலவே பார்த்தவர்களின் எண்ணிக்கையையும் நிறுக்கும் தராசு என்பதற்கு இது நல்ல சான்று.

இனி பர்மிங்ஹாமுக்கு வருவோம்.

டயான் லெதர் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். 1952 ஒலிம்பிக் காட்சிகளால் தூண்டப்பட்டு பிர்ச்ஃபீல்ட் ஹாரியர்ஸ் கழகத்தில் சேர்ந்தார். டோரிஸ் நெல்சன் நீல் என்ற பெண் பயிற்சியாளர் அவரை உருவாக்கினார். 1954 மே 26 அன்று அவர் ஓடிய மைல் 5 நிமிடம் 0.2 விநாடி. எல்லைக்கு வெளியே நின்றது ஒரு கண்ணிமைப்பு நேரம். மூன்று நாட்கள் கழித்து, மிட்லண்ட்ஸ் மகளிர் தடகளப் போட்டியில் அதைக் கடந்தார்.

ஆனால் சர்வதேச அமெச்சூர் தடகளச் சம்மேளனத்தின் ஏட்டில் மகளிர் மைல் என்றொரு பகுதியே அப்போது இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, ஓடியவர்கள் களைத்துக் குலைந்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன்பின் 1960 வரை ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமே பெண்களுக்கு இல்லை. பந்தயம் முடித்த ஆண் சரிந்து விழுந்தால் அது வீரத்தின் சித்திரம்; இஃப்லி சாலையின் புகழ்பெற்ற புகைப்படங்கள் அதைத்தான் காட்டுகின்றன. பெண் விழுந்தாலோ அது தடைக்கான காரணமாயிற்று.

எனவே லெதரின் நேரம் உலக சாதனை என்று எழுதப்படவில்லை. உலகின் சிறந்த நேரம் என்ற அளவில் நின்றது. 1955 செப்டம்பரில் அவர் அதை 4 நிமிடம் 45 விநாடியாகக் குறைத்தார். அதை மற்றொரு பெண் முந்த 1962 வரை காலம் பிடித்தது. சம்மேளனம் மகளிர் மைல் சாதனையை ஏற்கத் தொடங்கியது 1967இல்தான். லெதரின் பெயர் அந்த ஏட்டில் எங்கும் இல்லை. 1954, 1958 ஐரோப்பியப் போட்டிகளில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 1960இல் ரோம் ஒலிம்பிக் அவருக்குக் கதவைத் திறந்தபோது அவருடைய உச்சகாலம் கடந்திருந்தது. முதற்சுற்றிலேயே வெளியேறினார்.

*

பின்னாளில் பானிஸ்டர் தன்னியக்க நரம்பு மண்டலம் குறித்த ஆய்வுகளால் மதிக்கப்பட்ட நரம்பியல் மருத்துவரானார். ஓட்டத்தைவிட மருத்துவப் பணியையே தம் பெரிய பேறாகக் கருதினார். 1975இல் சர் பட்டம் பெற்றார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் 2021இல் திறக்கப்பட்ட அவருடைய நினைவுக் கல் அறிவியலாளர்களுக்குரிய பகுதியில் இருக்கிறது. சாட்டவே நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் விளங்கினார்.

பிராஷர் 1956 மெல்போர்னில் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடைதாண்டும் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, இடையூறு செய்தார் என்ற குற்றச்சாட்டில் தகுதி நீக்கப்பட்டு, மேல்முறையீட்டில் தங்கத்தைத் திரும்பப் பெற்றார். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட நார்வே வீரரே அவருக்கு எதிராகப் புகார் சொல்லவில்லை. அதே பிராஷர் ஜான் டிஸ்லியுடன் சேர்ந்து 1981இல் லண்டன் மாரத்தானைத் தொடங்கினார். அந்த முதல் ஓட்டத்தில் ஆண்களில் இருவர் கைகோத்து ஒன்றாக இலக்கைக் கடந்து வெற்றியைப் பகிர்ந்துகொண்டனர். பெண்களில் வென்றவர் நாற்பத்துமூன்று வயதான ஜாய்ஸ் ஸ்மித். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தே வந்தது.

லெதர் சமூக சேவையாளராகப் பணியாற்றினார். பானிஸ்டர் 2018 மார்ச்சில் மறைந்தார். லெதர் அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார்.

2025 ஜூன் 26 அன்று பாரிஸில் கென்யாவின் ஃபெய்த் கிபியேகான், பெண்களில் முதல்வராக நான்கு நிமிட மைலை எட்ட முயன்றார். அவருக்கு முன்னும் பின்னும் வேகம் காக்கும் ஓட்டக்காரர்கள் சூழ்ந்து ஓடினர். 4 நிமிடம் 7 விநாடிக்குள் முடித்தார். 2023இல் அவரே படைத்த உலக சாதனையைவிட அது விரைவு. ஆயினும் விதிகளுக்கு உட்படாத துணையோடு ஓடியதால் ஏட்டில் ஏறவில்லை. 1953இல் மோட்ஸ்பர் பார்க்கில் எழுந்த அதே கேள்வி.

விதிகள் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அளவுகோல் இல்லாமல் சாதனை இல்லை. ஆனால் பிழையான ஓட்டத்தைத் தள்ளிவைக்கும் ஏடு ஒன்று, ஓடியவருக்கு வரியே ஒதுக்காத ஏடு மற்றொன்று. முன்னது நியாயத்தின் பாற்பட்டது. பின்னதை நியாயம் என்று அழைக்க இயலாது. 3:59.4 என்ற எண்ணை நினைவுகூரும் ஒவ்வொரு மே மாதத்திலும் 4:59.6 என்ற எண்ணையும் சேர்த்தே சொல்லிப் பழகினால், ஏடு விட்ட இடத்தை வாசகர்களாகிய நாமாவது நிரப்பியவர்களாவோம்.