மில்லில் இரவு வேலை செய்தவர்கள்

இரண்டாம் உலகப் போர் 1945 இல் முடிந்தது என்று படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். போருக்குப் பிறகு பிரித்தானியாவில் வேலை எப்படி மாறியது, அந்த வேலைகளை யார் செய்தார்கள் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம்.

போருக்கு முன்னர், 1930களின் ஆரம்பத்தில் அங்கே ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வேலையின்றி இருந்தார்கள். அந்த நிலை திரும்பக் கூடாது என்பதே எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. மக்களுக்கு வேலை கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்று 1944 இல் வெளியான அரச வெள்ளை அறிக்கை ஏற்றுக்கொண்டது. 1945 இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி நிலக்கரிச் சுரங்கங்களையும் ரயில்வேயையும் அரசுடைமையாக்கியது. 1948 இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. 1950களில் வேலையில்லாதோர் 100 பேரில் ஏறத்தாழ இரண்டு பேர்தான்.

வேலை பெருகியதும் ஆள் தட்டுப்பாடு வந்தது. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 1956 முதல் பார்படோஸ் தீவுக்கே போய் ஆள் சேர்த்தது. பிரித்தானியாவில் குடியேறி வேலை செய்ய பொதுநலவாய நாட்டு மக்களுக்கு அப்போது தடை இருக்கவில்லை.

இப்போது லங்காஷயர் பஞ்சாலைகளுக்கு வருவோம். வெளிநாட்டுத் துணியோடு போட்டி போட முடியாமல் அவை தளர்ந்திருந்தன. பழைய இயந்திரங்களை உடைத்துப் புதியவை வாங்க 1959 இல் அரசு சட்டம் போட்டு உதவிப் பணம் கொடுத்தது. புது இயந்திரத்துக்குப் போட்ட முதல் திரும்ப வேண்டுமென்றால் அது இரவும் பகலும் ஓட வேண்டும். பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தொழிற்சாலைச் சட்டம் தடுத்தது. உள்ளூர் ஆண்களுக்கோ வேறு நல்ல வேலைகள் இருந்தன. ஆகவே பகலில் ஆங்கிலேயப் பெண்கள் ஓட்டிய இயந்திரங்களை, இரவில் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த ஆண்கள் ஓட்டினார்கள். யோர்க்‌ஷயர் கம்பளி ஆலைகளிலும் இதே கதைதான்.

அவர்களில் பலர் மீர்பூர் பகுதி முஸ்லிம்கள். அங்கே மங்களா அணை கட்டப்பட்டபோது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். சிறிய வீடுகளில் பலர் சேர்ந்து தங்கினார்கள். இரவு வேலைக்காரர் எழுந்த கட்டிலில் பகல் வேலைக்காரர் வந்து படுப்பார். நாலைந்து வருடம் உழைத்து ஊர் திரும்புவதே பெரும்பாலானோரின் எண்ணம்.

1962 இல் குடிவரவைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. போனால் திரும்பி வர முடியாதோ என்ற பயத்தில் பலர் அங்கேயே தங்கி, மனைவி பிள்ளைகளை வரவழைத்தார்கள். உழைக்கப் போனவர்கள் குடியேறியவர்களானது இப்படித்தான்.

அவர்கள் வாய் மூடியும் இருக்கவில்லை. 1965 இல் பிரெஸ்டன் நகரின் ரெட் ஸ்கார் ஆலையில், சம்பளத்தை அதற்கேற்ப உயர்த்தாமல் கூடுதல் இயந்திரங்களைப் பார்க்கச் சொன்னபோது ஆசியத் தொழிலாளர்களும் கரீபியத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. வேலையில் இனப் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதமானது 1968 இல்தான்.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரெட் ஸ்காரும் 1980 அளவில் மூடப்பட்டது. 1982 இல் பிரித்தானியாவில் வேலையில்லாதோர் மீண்டும் 30 இலட்சத்தைத் தொட்டார்கள்.

இங்கேதான் நாம் நிறுத்தி யோசிக்க வேண்டும். இரவு வேலையில் முழுக் குழுவும் ஒரே மொழி பேசியது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் மேற்பார்வையாளரோடு பேசினால் போதும். இருபது வருடம் வேலை செய்தும் பலருக்கு ஆங்கிலமோ இன்னொரு தொழிலோ பழக வாய்ப்புக் கிடைக்கவில்லை. யாரும் பழக்கவும் இல்லை. மில் மூடியபோது ஐம்பது வயதை நெருங்கியவர்களுக்கு வேறு கதவு திறக்கவில்லை. அவர்களது பிள்ளைகளில் பலர் டாக்ஸி ஓட்டினார்கள், சாப்பாட்டுக் கடை போட்டார்கள்.

அவர்கள் அனுப்பிய பணம் ஊரில் வீடுகளைக் கட்டியது, குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆலைக்குத் தேவைப்பட்டது அவர்களின் இரவுகள் மட்டும்தான். தேவை முடிந்ததும் கணக்கும் முடிந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் தூர தேசத்தில் உழைத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "அங்கே என்ன தொழில் பழகுகிறீர்கள்?"