பாஸி தோட்டத்து மரம்

காந்தப் பாய்மத்தைச் சீர்செய்து நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மரின் முறையை ஆராய, 1784இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் அதன் உறுப்பினர்கள்.

பாரிஸை அடுத்த பாஸியில், பிராங்க்ளின் இல்லத் தோட்டத்தில், மெஸ்மரின் சீடர் தெஸ்லோன் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தமேற்றினார். கண்கள் கட்டப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனை வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றனர். முதல் மரத்திலேயே வியர்த்தது. நான்காவதில் மயங்கி விழுந்தான். காந்தமேற்றிய மரமோ தொலைவில் நின்றது.

பாய்மம் என ஒன்றில்லை, கற்பனையே காரணம் என்றது குழு. தீர்ப்பு சரியே. ஆனால் அவனுடைய வியர்வையும் மயக்கமும் கற்பனையல்லவே! கற்பனைதான் குணப்படுத்துகிறதெனில் அதையே மருந்தாக்கலாமே என்று தெஸ்லோன் கேட்டார். சோதனைகளில் சிக்காத வலியை மனப்பிரமை என்று இன்று நாம் ஒதுக்கும்போது, அக்கேள்வியையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.