நல்லெண்ணெயில் வந்த வாதம்

மலையக வரலாறுன்னா நமக்குச் சட்டென ஞாபகம் வருவது கோப்பி, தேயிலை, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். நம்ம பிள்ளைகளின் நரம்புக்குள் நடந்த ஒரு வரலாறும் இருக்கிறது. அதைப் பேசுபவர்கள் குறைவு.

1977-78 காலப்பகுதியில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கைகால்கள் செயலிழந்தன. அவர்கள் எல்லோரும் இளம் பெண்கள். ஒரே குறிப்பிட்ட கூட்டத்தை மட்டும் தாக்கும் நோய் எது?

விடை சடங்கில் இருந்தது. நம்மூரில் பிள்ளை வயசுக்கு வந்தா தனியா உட்கார வைத்து நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்பார்கள். உடம்புக்குப் பலம், இடுப்புக்கு வலு என்ற நம்பிக்கை. அன்றாடச் சமையலுக்குத் தேங்காய் எண்ணெய்தான், நல்லெண்ணெய் விசேஷத்துக்கு. அதனாலதான் வீட்டில் மற்றவர்கள் தப்பினார்கள்.

அந்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்ததை மருத்துவர்கள் சேனாநாயக்க, ஜெயரத்தினம் இருவரும் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். முன்பு கனிம எண்ணெய் ஏற்றிய கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்தபோது அது கலந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

சரி, எண்ணெய் குடித்தால் ஏன் கால் விழ வேண்டும்? முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு நரம்புக் கலத்திலிருந்து பாதம் வரை ஒரே இழை ஓடுகிறது. வளர்ந்தவர்களில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். இழையின் நுனிக்குத் தேவையான எல்லாம் கலத்திலிருந்துதான் போய்ச் சேர வேண்டும். லயத்துக்கு வரும் தண்ணிக் குழாய் மாதிரி; குழாயில் கோளாறு வந்தா கடைசிக் காம்பராவுக்குத்தான் முதலில் தண்ணி நிற்கும். இந்த நஞ்சு நரம்பில் இருக்கும் ஒரு நொதியை முடக்கி, நீளமான இழைகளை நுனியிலிருந்து அழிக்கிறது. முதலில் கெண்டைக்கால் வலி, பிறகு பாதம் தொங்கும், பிறகு கைவிரல்கள். அதுவும் உடனே வராது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே வரும். அதற்குள் சடங்கு முடிந்திருக்கும். எண்ணெயை யார் சந்தேகப்படுவார்?

கைகால் நரம்புகள் மெல்ல மீண்டும் வளரும், ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். முதுகுத்தண்டுக்குள் அறுந்த இழைகள் அப்படி வளர்வதில்லை. அதனால் வலு திரும்பினாலும் சிலருக்குக் கால் விறைப்பு நிலைத்துவிடும். சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க வேண்டிய கால் அது.

இதே நஞ்சு 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து பல்லாயிரம் பேரை முடக்கியது. 1959இல் மொரோக்கோவில் விமான எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றதில் சுமார் 10,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். மூன்று இடத்திலும் அடிபட்டவர்கள் மலிவாக, கிடைத்ததை வாங்கிய ஏழைகள்.

"சடங்குதான் காரணம்" என்று சொல்லி இதை முடித்துவிடுவது சுலபம். ஆனால் அம்மா பிள்ளைக்குக் கொடுத்தது பலத்துக்கான எண்ணெய். நஞ்சு சேர்ந்தது லயத்துக்கு வெளியே, அது வந்த வழியில்.

அன்று பதின்மூன்று வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டிருப்பார்கள். மருத்துவ இதழில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. ஊரில் யாருக்காவது அக்கா, யாருக்காவது அம்மாயி. கொட்டகலையிலோ ஹட்டனிலோ வயசான பொம்பளைங்க யாராவது அந்தக் காலத்து நல்லெண்ணெயைப் பற்றிப் பேசினா, கொஞ்சம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைங்க. மிச்ச வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது.