நீடிய சாந்தம்

யாத்திராகமம் 34:6இல் கர்த்தருடைய குணமாக வரும் சொற்றொடர் இது. எபிரெய மூலத்தில் 'எரெக் அப்பாயிம்'. 'அஃப்' என்றால் மூக்கு. கோபத்துக்கும் அதே சொல்தான். ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீண்ட மூக்கு'! 'அவருக்கு மூக்குக்கு மேல கோபம்' என்று பேசும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூக்கு நீளமென்றால் கோபம் நுனிக்கு வரச் சற்று நேரமாகும் என்று நான் விளையாட்டாக நினைத்துக்கொள்வதுண்டு.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இது 'மக்ரோதூமியா'. மக்ரோஸ் என்பது நீளம், தூமோஸ் என்பது சினம். கலாத்தியர் 5:22இல் நம் பழைய மொழிபெயர்ப்பு இதையே 'நீடியபொறுமை' என்கிறது. எனக்கு இதுதான் கூடுதலாகப் பிடிக்கும். 'கொஞ்சம் பொறு' என்றால் காத்திரு. 'வலியைப் பொறு' என்றால் தாங்கு. 'பிழை பொறுத்தருளும்' என்றால் மன்னியும். ஒரே வினைக்குள் மூன்றும் அடக்கம்.

காத்திருக்கும் அந்தக் கணத்தில் என்ன செய்வது? நெகேமியா 2:4ஐப் பாருங்கள். 'உனக்கு என்ன வேண்டும்' என்று அர்தசஷ்டா ராஜா கேட்கிறான். பானபாத்திரக்காரனான நெகேமியா உடனே வாய் திறக்கவில்லை. பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிட்டே பதில் சொல்கிறார். ராஜாவை நிற்கவைத்து நீட்டி முழக்கவா முடியும்? ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா குத்தலாக ஏதோ போட்டதும் விரல் பரபரக்கிறதே, அப்போது அந்த ஒரு மூச்சு பொறுத்துப் பாருங்கள். என்ன சொல்லி ஜெபிப்பது என்று தயங்க வேண்டாம்; அந்தக் கணத்தில் நெகேமியா என்ன வார்த்தைகளில் ஜெபித்தார் என்று வேதத்தில் எழுதப்படவில்லை.